சரித்திரம் பயிலப் புகும் நம் பிள்ளைகள்



நம் கடைகளில் ஒரு பழைய வழக்கம் இருந்ததை மூத்தோர் அறிவர். ஊரிலிருந்து வந்த பையனை முதல் நாளே பெட்டியடியில் உட்கார வைப்பதில்லை. முதலில் கடை பெருக்குவான், பிறகு சரக்கு எடுத்துக் கொடுப்பான், பிறகு நிறுப்பான், பிறகு சிட்டை எழுதப் பழகுவான். இவ்வளவும் கற்ற பின், ஒருநாள் முதலாளி பணத்தைக் கையில் கொடுத்து, “நீயே போய்ச் சரக்குப் பார்த்து வாங்கி வா, தம்பி” என்பார். அன்று அவனுடன் எவரும் போவதில்லை. எந்த மூட்டையில் ஈரம், எந்த மூட்டையில் கலப்படம், எவர் சொல்லும் விலை நியாயம் என்பதை அவனே கண்டறிய வேண்டும். அந்த ஒரு நாளில்தான் அவன் கடைப் பையன் என்னும் நிலையிலிருந்து வணிகன் என்னும் நிலைக்கு ஏறுகிறான்.

பல்கலைக் கழகத்தில் சரித்திரப் பட்டப் படிப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, முதலாண்டு முழுவதும் அத்தகைய நாளே. பள்ளிக் கூடத்தில் ஆசிரியர் உடன் நின்றார்; இங்கே அவனையே சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதை அறியாத காரணத்தால் பிள்ளைகளும் திகைக்கிறார்கள், பெற்றோரும் கலங்குகிறார்கள். ஆகவே இவ்விதழில், சரித்திரப் படிப்பு என்பது யாது, அதில் ஒரு மாணவன் தானே கற்பவனாக ஆவது எவ்வாறு, அதற்கு வீட்டார் செய்ய வேண்டுவது என்ன என்பனவற்றை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டில் நடந்தது

நாம் நன்கறிந்த ஒரு குடும்பம். தந்தையார் மளிகை வணிகர். மகன் பள்ளித் தேர்வில் சரித்திரத்தில் மிக உயர்ந்த தகுதி பெற்றவன். பட்டப் படிப்புக்கும் அதையே தேர்ந்தெடுத்தான். தந்தையாருக்கு முழுச் சம்மதமில்லை, என்றாலும் தடுக்கவில்லை. முதல் பருவத்தில் அவனுக்கு வாரம் ஏறத்தாழ 12 மணி நேரந்தான் வகுப்பு. தந்தையார் அதைக் கணக்கிட்டுப் பார்த்து, “மீதி நேரம் சும்மாதானே இருக்கிறாய்? பெட்டியடியில் வந்து உட்காரலாமே” என்றார். அவனும் மறுத்துச் சொல்ல அறியாமல் மாலைதோறும் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

பினாங்கில் நம் வணிகர்களின் பங்கு பற்றி முதல் கட்டுரை எழுதினான். நம் முன்னோர் கடல் கடந்தனர், கடை வைத்தனர், புகழ் பெற்றனர் என்று பக்கம் பக்கமாக எழுதினான். கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பெண் மிகக் குறைவு. பக்கத்தின் ஓரத்தில் ஒரே கேள்வி நான்கு இடங்களில் எழுதப்பட்டிருந்தது: “எப்படித் தெரியும்?”

பிள்ளை மனமுடைந்தான். “அத்தா, எனக்கு இந்தப் படிப்பு வராது போலிருக்கிறது. கடைக்கே வந்துவிடுகிறேன்” என்றான். தந்தையாரோ, “உன் இஷ்டம், தம்பி” என்று சொல்லிவிட்டார். பள்ளியில் முதலாவதாக நின்ற பிள்ளை மூன்றே மாதத்தில் தன்னை அறிவிலி என்று எண்ணத் தலைப்பட்டான். இஃது அவன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆண்டுதோறும் எத்தனையோ வீடுகளில் நேர்வதாகும்.

அந்த ஓரக் கேள்வி நான்கு சொற்களுமில்லை, மூன்று சொற்களுமில்லை. இரண்டே சொற்கள். ஆயினும் சரித்திரப் பட்டப் படிப்பு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

பள்ளிச் சரித்திரமும் பல்கலைக் கழகச் சரித்திரமும்

மலேசியாவில் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற, 2013-ஆம் ஆண்டு முதல் சரித்திரத்தில் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே சரித்திரம் படிக்காத பிள்ளை எவருமிலர். ஆனால் அங்கே படிப்பது என்ன? ஒரு பாட நூல். அதில் கூறியவை உண்மை. அவற்றை நினைவில் வைத்து எழுதினால் மதிப்பெண். இதில் தவறொன்றுமில்லை. கடைப் பையன் முதலில் சரக்குகளின் பெயரைத்தானே மனப்பாடம் செய்ய வேண்டும்?

பல்கலைக் கழகத்தில் அந்த ஒரு நூல் இல்லை. ஒரு வாரப் பாடத்திற்கு மூன்று கட்டுரைகள் கொடுப்பார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படும். எது சரி என்று மாணவன் விரிவுரையாளரைக் கேட்டால், “நீ என்ன நினைக்கிறாய்? ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று அவரே திருப்பிக் கேட்பார். இது கற்பிக்கத் தெரியாமையன்று. கற்பிக்கும் முறையே இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனி நாட்டுப் பெர்லின் பல்கலைக் கழகத்தில் லியோபோல்ட் ஃபான் ராங்கே என்னும் பேராசிரியர், மாணவர்களைத் தம்முன் உட்கார வைத்து, மூல ஆவணங்களைப் பகுத்து ஆராயும் பயிற்சியை நடத்தினார். உரை கேட்டு எழுதிக்கொள்ளும் மாணவனை, தானே ஆராயும் மாணவனாக மாற்றிய அப்பயிற்சி உலகெங்கும் பரவிற்று. இன்று நம் பிள்ளைகள் உட்காரும் கருத்தரங்க வகுப்பு அதன் வழி வந்ததே.

இதற்கும் பல நூற்றாண்டு முன்னரே இக்கேள்வியைக் கேட்டவர் உண்டு. தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன், 1377-ஆம் ஆண்டில் எழுதிய ‘முகத்திமா’ என்னும் நூலில், சரித்திரக்காரர்கள் செய்யும் பிழைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறார். மூஸா நபியவர்களின் கூட்டத்தாரில் படைக்கலம் ஏந்தத் தக்கவர் ஆறு லட்சத்திற்கு மேல் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலானோர் எழுதி வைத்திருந்தனர். இப்னு கல்தூன் அதை அப்படியே ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய சேனை அந்த நிலப் பரப்பில் அணிவகுத்து நிற்க முடியுமா? ஒரு கோடியில் நிற்பவனுக்கு மறு கோடியில் நடப்பது தெரியுமா? சில தலைமுறைக்குள் மக்கள் தொகை அவ்வளவு பெருகுமா? என்று கேட்டார். பெரியவர் எழுதினார் என்பதற்காக ஒரு தொகையை நம்பாமல், அந்தத் தொகை நடக்கக்கூடியதா என்று கணக்குப் போட்டார். நம் வணிகர் எவரும் செய்யக் கூடிய சோதனைதான் இது. ஆயிரம் மூட்டை வந்தது என்று ஒருவன் சொன்னால், கிட்டங்கியில் அதற்கு இடமுண்டா என்று நாம் பார்ப்பதில்லையா?

சிட்டையும் பேரேடும்

சரித்திர மாணவன் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு, மூலச் சான்றுக்கும் வழி நூலுக்கும் உள்ளது. இதை வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்குவது எளிது.

வியாபாரம் நடந்த அந்த நேரத்திலேயே எழுதியது சிட்டை. பிறகு உட்கார்ந்து, சிட்டைகளைப் பார்த்து, ஒழுங்குபடுத்தி எழுதியது பேரேடு. பேரேடு தெளிவாக இருக்கும். சிட்டை கிறுக்கலாக இருக்கும். ஆயினும் ஒரு கணக்கில் சந்தேகம் வந்தால் நாம் எதைத் தேடுகிறோம்? சிட்டையைத்தான். சரித்திரத்தில் அக்காலத்துக் கடிதம், அரசாங்க அறிக்கை, பத்திரிகை, பத்திரம், கல்லெழுத்து, கணக்குப் புத்தகம் ஆகியவை சிட்டை போன்றவை. அவற்றைக் கண்டு பிற்காலத்து ஆசிரியர் எழுதிய நூல்கள் பேரேடு போன்றவை.

ஆனால் சிட்டையும் பொய் சொல்லும் என்பதை நாம் அறிவோம். எழுதியவன் அவசரத்தில் தவறியிருக்கலாம், வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம், சில கொடுக்கல் வாங்கலை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆகவே மூலச் சான்று என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் சரித்திரமன்று.

ஓர் எடுத்துக்காட்டு

அந்தப் பிள்ளை எழுதிய பொருளையே எடுத்துக்கொள்வோம். 1786-ஆம் ஆண்டில் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கும்பெனியின் கொடியை ஏற்றியவர் பிரான்ஸிஸ் லைட். அவர் தாம் இறந்த 1794-ஆம் ஆண்டில், தீவின் குடிகளைப் பற்றி வங்காளத்திலிருந்த மேலதிகாரிகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதில் சூலியர்களைப் பற்றிக் கூறும்போது, அவர்கள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் என்றும், கடைக்காரரும் கூலிகளுமாக உள்ளனர் என்றும், ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் நிலைத்துள்ளனர் என்றும், அவர்களிற் பெரும்பாலோர் முன்பே கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் என்றும் எழுதினார். கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருகின்றன என்றும், அவர்கள் சிறிது பொருள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்ப, வேறு பேர் அவர்கள் இடத்திற்கு வருகின்றனர் என்றும் தெரிவித்தார்.

பள்ளி மாணவன் இதைப் படித்தால் 1,300, 2,000 என்ற எண்களை மனப்பாடம் செய்வான். பல்கலைக் கழக மாணவன் கீழ்க்கண்டவாறு கேட்க வேண்டும்:

யார் எழுதியது? தீவை நிறுவிய அதிகாரி. எவருக்கு எழுதினார்? தம் மேலதிகாரிகளுக்கு. எதற்காக? குடியேற்றம் செழிக்கிறது என்று காட்டும் விருப்பம் அவருக்கு இருந்திருக்குமன்றோ? அப்படியானால் எண்ணிக்கை கூடுதலாகச் சொல்லப்பட்டிருக்கலாமா? 1,300 என்பதற்கும் 2,000 என்பதற்கும் இடையில் 700 பேர் வேறுபாடு. இஃது எண்ணிப் பார்த்த தொகையா, கண் மதிப்பா? ‘சூலியர்’ என்னும் சொல்லால் அவர் குறித்தவர் யார்? தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரிதும் வழங்கிய அச்சொல்லை, அக்கால ஐரோப்பியர் சிலர் தென்னாட்டார் பிறருக்கும் சேர்த்து வழங்கியதுண்டு. அறிக்கையில் எவர் பேசவில்லை? வந்திறங்கிய அந்தக் கூலியாள் பேசவில்லை. ஊரில் காத்திருந்த அவன் மனைவி பேசவில்லை.

அவ்வாறாயின் அறிக்கை பயனற்றதா? ஒருபோதும் இல்லை. நம் மக்கள் கெடாவில் முன்பே வாழ்ந்தவர் என்று அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் மிக விலையுயர்ந்தது. அதைப் பொய்யாகச் சொல்ல அவருக்கு ஒரு லாபமும் இல்லை. தவிர, ‘நம் மக்கள் வெள்ளைக்காரன் கப்பலுக்குப் பின்னே வந்தவர்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடும் கதையை அது மாற்றிவிடுகிறது. எழுதியவனுக்கு நோக்கமில்லாத இடத்தில் வெளிப்படும் செய்தி பெரும்பாலும் நம்பத் தக்கது என்பது சரித்திரக் கலையின் நுட்பங்களில் ஒன்று.

சிங்கப்பூருக்கும் ஒன்று கூறுவோம். 1822-ஆம் ஆண்டு ராபிள்ஸ் விருப்பப்படி லெப்டினென்ட் ஜாக்ஸன் வரைந்த நகரத் திட்டப் படத்தில், ஆற்றின் மேற்பகுதியில் ‘சூலியா கம்பொங்’ என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டு, ‘1822-இல் நம்மவர் அங்கே வாழ்ந்தனர்’ என்று எழுதினால் ஓரக் கேள்வி வந்துவிடும். அது திட்டம்; நடந்த நிலையன்று. 1826-ஆம் ஆண்டில் நம்மவர் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலன்றோ நிற்கிறது? படத்தையும் பள்ளிவாசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனே சரித்திர மாணவன்.

நேரக் கணக்கு

இனி, 12 மணி நேரக் கேள்விக்கு வருவோம். வணிகர்களாகிய நாம் கணக்கையே நம்புவோம்.

மலேசியாவின் உயர் கல்வி விதிப்படி, ஒரு கிரெடிட் என்பது மாணவனின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்திற்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி வீதம் 14 வாரம் வகுப்பு நடந்தால் 42 மணி நேரம். மீதி 78 மணி நேரம் எங்கே? அது மாணவன் தானே உட்கார்ந்து படித்து, குறிப்பெடுத்து, எழுத வேண்டிய நேரம். அதாவது வகுப்பில் ஒரு மணி என்றால் வெளியில் ஏறத்தாழ இரண்டு மணி.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில், நான்கு அலகு கொண்ட ஒரு பாடத்திற்கு வாரம் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஒரு பருவத்தில் ஐந்து பாடம் எடுத்தால் 50 மணி நேரம். அதில் 12 மணி வகுப்பு என்றால், மீதி 38 மணி நேரம் நூலகத்துக்கும் மேசைக்கும் உரியது. பெட்டியடிக்கு உரியதன்று.

நம் தந்தைமார் இதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும். சும்மா இருப்பதாகத் தோன்றும் நேரமே மகனுடைய வேலை நேரம். கடையில் வாடிக்கையாளர் இல்லாத வேளையில் முதலாளி கணக்குப் பார்ப்பதை ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று எவரும் சொல்வாரா?

பிள்ளைகளும் ஒன்றை உணர வேண்டும். அந்த 38 மணி நேரத்தை எவரும் மணி அடித்துத் தொடங்கி வைக்கமாட்டார்கள். கடை திறக்கும் நேரம்போல் அதற்கு ஒரு நேரத்தைத் தாமே குறித்துக்கொள்ள வேண்டும். காலை இன்ன மணி முதல் இன்ன மணி வரை இன்ன பாடத்துக்கு என்று வாரத் தொடக்கத்தில் எழுதி வைத்து, வார முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்க்கட்டும். இரண்டு வாரம் நட்டம் வந்தால் மூன்றாம் வாரம் காரணம் தேடட்டும்.

வாசிக்கும் முறை

பட்டியலில் உள்ள நூல்களை எல்லாம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்க முனைந்து முதல் மாதத்திலேயே களைத்துப் போகும் பிள்ளைகள் பலர். நல்ல வணிகர் ஒரு கிட்டங்கியில் உள்ள எல்லா மூட்டையையும் பிரிப்பதில்லை.

முதலில் முன்னுரையைப் படிக்க வேண்டும்; அடுத்து முடிவுரையை. ஆசிரியர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார், என்ன விடை சொல்கிறார் என்பது அவ்விரண்டிலும் விளங்கிவிடும். பிறகு தமக்கு வேண்டிய இயலை நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்கும்போது அடிக் குறிப்பைத் தாண்டிச் செல்லக் கூடாது. அடிக் குறிப்புத்தான் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் பட்டியல்.

பினாங்குத் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி ஹெலன் ஃபுஜிமோட்டோ எழுதிய நூல் 1988-இல் வந்தது. கூ சல்மா நாசுதியோன் எழுதியது 2014-இல் வந்தது. ஊரும் ஒன்று, மக்களும் ஒன்று. ஒன்று போதாதா என்று கேட்கலாம். முன்னது, தென்னிந்திய முஸ்லிம்களும் ஜாவி பெரானாக்கான் என்னும் பிரிவும் 1948 வரை எவ்வாறு உருவாகி வந்தனர் என்று கேட்கிறது. பின்னது, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றிய இடம் 1957 வரை எவ்வாறு உருப்பெற்றது, அதைப் புரந்தவர் யார் என்று கேட்கிறது. கேள்வி வேறாகும்போது அதே கடந்த காலம் வேறு முகத்தைக் காட்டுகிறது. இ. எச். கார் என்னும் ஆங்கில ஆசிரியர் 1961-இல் சரித்திரம் என்றால் என்ன என்று கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில் வற்புறுத்தியதும் இதுவே: செய்திகள் தாமாகப் பேசுவதில்லை, தேர்ந்தெடுத்து நிறுத்துகிறவர் ஒருவர் இருக்கிறார்.

குறிப்பெடுக்கும் முறை

இதற்கு நம் கணக்குப் புத்தகமே முன்மாதிரி. ஏட்டை விரித்தால் இரண்டு பக்கம். இடப் பக்கத்தில் ஆசிரியர் சொன்னது. வலப் பக்கத்தில் அதைப் பற்றி நாம் கேட்பது. இடப் பக்கம் நிறைந்து வலப் பக்கம் வெறுமையாக இருந்தால், படித்தோமே தவிரச் சிந்திக்கவில்லை என்று பொருள்.

ஆசிரியரின் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி இட வேண்டும். நூற்பெயரும் பக்க எண்ணும் அன்றே எழுத வேண்டும். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்ட சிட்டை எந்தக் கடையில் திரும்பக் கிடைத்தது? பிறர் சரக்கைத் தம் சரக்கென்று விற்பது வணிகத்தில் எத்துணைக் குற்றமோ, பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டுவது படிப்பில் அத்துணைக் குற்றம். இதற்காகப் பல்கலைக் கழகங்கள் கடுமையாகத் தண்டிக்கின்றன.

இக்காலத்தில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தருகின்றன. ஆனால் அவை சில வேளைகளில், எவரும் எழுதாத நூலை எழுதியதாகவும், இல்லாத பக்கத்தை உள்ளதாகவும் துணிந்து கூறிவிடுகின்றன. ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு அங்கே விடை கிடையாது. தவிர, சந்தைக்குத் தான் போகாமல் பிறரை அனுப்பியவன் சரக்குப் பார்க்கக் கற்பது எங்ஙனம்?

தானே கற்றல் தனித்திருத்தல் அன்று

நம் பிள்ளைகளிடம் உள்ள ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பெரியவரிடம் சென்று கேள்வி கேட்கக் கூசுகிறார்கள். விரிவுரையாளர் தம் அறையில் மாணவரைச் சந்திக்க நேரம் ஒதுக்கியிருப்பார். அங்கே எவரும் போவதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற அச்சம்.

சந்தைக்குத் தனியே சென்ற பையன் வாயை மூடிக்கொண்டா வாங்கினான்? பத்துக் கடையில் விசாரித்துத்தான் வாங்கினான். தானே கற்றல் என்பது எவரையும் கேளாமல் இருப்பதன்று. எவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பது. ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்பது வீண் கேள்வி. ‘இவ்விருவரும் இந்த இடத்தில் முரண்படுகிறார்கள், நான் இவரை ஏற்கிறேன், என் காரணம் சரியா?’ என்பது நல்ல கேள்வி. இத்தகைய கேள்வியோடு வரும் மாணவனை வரவேற்காத ஆசிரியரை நாம் கண்டதில்லை.

நூலகரையும் மறக்கலாகாது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை வீட்டிலிருந்தே தேடிப் படிக்கும்படி கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகம், 1979 முதல் முதியோரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிந்து வருகிறது. மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம் 1957-இல் தோன்றியது. இவற்றின் கதவு நம் பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கிறது. 1887-இலேயே சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். அதைப் படித்து ஆராய ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவனால் இயலாது. தமிழும் மலாயும் அறிந்த நம் பிள்ளைகள் வகுப்பில் எவருக்கும் தாழ்ந்தவரல்லர்; பிறர் திறக்க முடியாத பெட்டிக்குச் சாவி வைத்திருப்பவர்கள்.

இப்படிப்பால் பயன் என்ன?

“சரித்திரம் சோறு போடுமா?” என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். ஆசிரியப் பணி, ஆவணக் காப்பகம், அரும்பொருட் காட்சிசாலை, பத்திரிகை, அரசாங்கப் பணி ஆகிய வழிகள் உண்டு. மருத்துவப் படிப்பைப் போல் ஒரே நேர் வழி இல்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் நூறு தாளைப் படித்து இரண்டு பக்கத்தில் சாரத்தைச் சொல்லவும், ஒருவர் சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக் காட்டவும் வல்லவனுக்கு எந்த அலுவலகத்திலும் இடமுண்டு. நம் கடையிலும் உண்டு.

நாம் செய்த பிழை

முடிக்கும் முன் ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். நம் பாட்டனார் கடையின் பேரேடுகள் நம் வீட்டுப் பரணில் பல்லாண்டு கிடந்தன. வீடு மாறியபோது, இடத்தை அடைக்கின்றனவே என்று பழைய தாள் வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். சில வெள்ளி கிடைத்தது. அந்த ஏடுகளில் எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது, எவருக்குக் கடன் கொடுத்தார், எந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கு என்ன அனுப்பினார் என்பதெல்லாம் இருந்தன. லைட் துரையின் அறிக்கை அவர்கள் மேலதிகாரிகளின் அலமாரியில் பத்திரமாக இருந்தது. நம் பாட்டனாரின் கணக்கு எடைக்குப் போயிற்று. பிறர் நம்மைப் பற்றி எழுதியது நிலைத்தது; நாம் நம்மைப் பற்றி எழுதியதை நாமே அழித்தோம். நம் வீட்டில் அன்று ஒரு சரித்திர மாணவன் இருந்திருந்தால் அவ்வாறு நேர்ந்திராது.

மேலே சொன்ன பிள்ளையின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உறவினர் ஒருவர் அந்த 50 மணி நேரக் கணக்கைத் தாளில் எழுதித் தந்தையாரிடம் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?” என்றார். வார நாட்களில் கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளை விரிவுரையாளரிடம் சென்று அந்த நான்கு இடங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டான். இரண்டாவது கட்டுரை மிகச் சிறந்ததாக வந்துவிடவில்லை. ஆனால் ஓரக் கேள்வி ஒரே இடத்தில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தந்தையார் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே கடையின் பழைய கணக்குகள். ஒரு பக்கத்தில் இருந்த சுருக்கக் குறியைக் காட்டி, “இது என்ன அத்தா?” என்று மகன் கேட்டான். பல்கலைக் கழகத்தில் எவருக்கும் தெரியாத அக்குறி தந்தையாருக்குத் தெரிந்திருந்தது. அவர் விடை சொன்னார். மகன் எழுதிக்கொண்டான். பிறகு தன்னையறியாமலே அவன் கேட்டான்: “உங்களுக்கு எப்படித் தெரியும்?” தந்தையார் சிரித்துவிட்டு, தம் தகப்பனார் பெட்டியடியில் தமக்குக் கற்றுக் கொடுத்த கதையைச் சொல்லத் தொடங்கினார்.

பயிற்சி

முதலாண்டு புகும் மாணவ மாணவியர் விடுமுறையிலேயே கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. வீட்டிலுள்ள பழைய தாள் ஒன்றை எடுங்கள்: கடிதமோ, கப்பல் சீட்டோ, கணக்கோ. யார், எவருக்கு, எப்போது, எதற்காக எழுதினார் என்று நான்கு வரி எழுதுங்கள். அதில் சொல்லப்படாதது என்ன என்று ஐந்தாவது வரி எழுதுங்கள்.

2. ஒரே நிகழ்ச்சியைப் பற்றி வீட்டுப் பெரியவர் இருவரைத் தனித்தனியே கேளுங்கள். எங்கே ஒத்துப் போகிறார்கள், எங்கே மாறுபடுகிறார்கள், ஏன் என்று எழுதுங்கள்.

3. நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு சரித்திரச் செய்தியைத் தாளின் தலைப்பில் எழுதி, அதன் கீழே “எப்படித் தெரியும்?” என்று எழுதுங்கள். விடை எழுத முடியவில்லையானால் வருந்த வேண்டாம். உங்கள் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோர்க்கும் ஒரு பயிற்சி உண்டு. பரணில் கிடக்கும் பெட்டியை எடைக்குப் போடுமுன் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.